அவுட்போர்டு எஞ்சின் ஒழுகினால்: எது ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது?

இரவு கரையில் நிறுத்தி வைத்த அவுட்போர்டு எஞ்சினின் அடியில் காலையில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தால், நம்மில் பலரும் உடனே செய்வது ஒன்றுதான்: கைக்கு எட்டிய ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் படுகிற திருகாணிகளையெல்லாம் ஒரு சுற்று இறுக்கி, துணியால் துடைத்துவிட்டுத் தொழிலுக்குப் போய்விடுகிறோம். அடுத்த வாரமும் அந்தத் திட்டு தெரிந்தால் ‘சீல் போய்விட்டது’ (சீல் என்பது தண்டைச் சுற்றி எண்ணெயும் நீரும் கடக்காமல் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று முடிவுகட்டி, எந்தச் சீல் என்று கேட்காமலேயே எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறோம். ஒழுகுவது எது, அது எந்த இடத்தில் வெளியே வரத் தொடங்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது என்பதையே இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். ஏனென்றால், எஞ்சினில் சொட்டு விழுகிற இடம் வேறு, அது புறப்படுகிற இடம் வேறு. மேல்மூடிக்குள் கார்புரேட்டரில் கசிந்த எரிபொருள், எஞ்சினின் நடுப்பகுதி வழியாக இறங்கி, வழியிலுள்ள அழுக்கையும் பழைய எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு புரொப்பல்லர் அருகே சொட்டும்போது, பார்ப்பவருக்கு அது கீழ்ப்பகுதியிலுள்ள கியர் பெட்டியின் எண்ணெயாகவே, அதாவது கியர் ஆயிலாகவே தோன்றும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 1980-களில் நாட்டுப் படகுகளில் பரவத் தொடங்கிய இந்த எஞ்சின்கள், இன்று தமிழகக் கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரைவரை ஃபைபர் படகுகளின் பின்பலகையில் தொங்குகின்றன. 9.9 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களை முதன்மையாக மனத்தில் கொண்டே எழுதுகிறேன். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கான செய்திகள் பிற்பகுதியில் தனியே வருகின்றன.

தொடங்குமுன் பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே கலைந்து போகாமல் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஆகவே ஒழுகலைத் தேடும் இடத்தில் பீடி, சிகரெட், தீப்பெட்டி, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. வெளிச்சம் போதவில்லையென்றால் டார்ச் மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புரொப்பல்லரில் கை வைக்க வேண்டும். கியர் போட்ட நிலையில் புரொப்பல்லரைக் கையால் சுழற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுழலும், அப்போது அது ஒருமுறை பற்றிக்கொண்டாலே விரல்கள் போய்விடும்.

ஒழுகல் அல்லாத ஈரங்கள்

எஞ்சினைச் சுற்றித் தெரிகிற ஈரம் எல்லாம் கோளாறு அல்ல. ஓடும்போது பின்புறமாகவோ பக்கவாட்டிலோ ஒரு சிறு துளையிலிருந்து பீய்ச்சி அடிக்கிற நீர், குளிர்விக்கும் பம்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அது நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அதற்கு மேலே இன்னொரு துளையிலிருந்து மெதுவான ஓட்டத்தின்போது புகையும் நீர்த்திவலையும் கலந்து வரும், அதுவும் இயல்பானதே. ஓட்டம் முடிந்து எஞ்சினை நிமிர்த்தி வைத்தபின் சில நிமிடங்களுக்குக் கீழ்ப்பகுதியிலிருந்து கடல்நீர் வடிவதும் அப்படித்தான்.

புதிதாக எஞ்சின் வாங்கியவர்களை அதிகம் அச்சுறுத்துவது நான்காவது ஒன்று. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத மிச்சம் புகைபோகும் வழியின் சுவர்களில் கறுப்பாகப் படிந்து, எஞ்சின் ஆறியபின் புரொப்பல்லரின் நடுக்குழல் வழியாகச் சொட்டும். வலை இழுக்கையிலும் தூண்டில் போடுகையிலும் நெடுநேரம் மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு இது கூடுதலாகவே இருக்கும். எண்ணெய் கலக்கும் அளவு பிசகினாலும் கூடும்: 50-க்கு 1 என்று கையேடு சொல்லும் எஞ்சினுக்குப் பத்து லிட்டர் பெட்ரோலில் 200 மில்லி எண்ணெய் போதும், ‘கொஞ்சம் கூட இருந்தால் எஞ்சினுக்கு நல்லது’ என்று கண்ணளவாக ஊற்றுகிற எண்ணெய்தான் பல நேரங்களில் மணலில் கறுப்புத் திட்டாக விழுகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில் இந்தக் கறுப்பு வடிதல் இன்னும் மிகுதி.

இந்தக் கறுப்பு நீரையும் கியர் ஆயிலையும் பிரித்தறிவது எளிது. புகையெண்ணெய் நீர்த்திருக்கும், கரியின் நிறத்தில் இருக்கும், புகை மணம் வீசும். கியர் ஆயில் கெட்டியானது. விரலில் எடுத்துப் பிரித்தால் நூல்போல இழுபடும். அதில் சேர்த்துள்ள கந்தகச் சேர்மங்களால் ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க முடியாத ஒரு நெடி இருக்கும்.

தாளும் பவுடரும்

ஒழுகலைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை வெளியேயும் மேல்மூடிக்குள்ளேயும் நன்றாகத் துடைத்து, மின்பாகங்களில் படாமல் சோப்புத் தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். அழுக்கான எஞ்சினில் ஒழுகலைத் தேடுவது சேற்றில் ஊசி தேடுவதாகும். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டு அரைநாள் வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு ஸ்டாண்டில் எஞ்சினை நேராக நிறுத்தி, அடியில் வெள்ளைத் தாளையோ பழைய செய்தித்தாளையோ விரித்து, புரொப்பல்லர் இருக்கும் இடத்தையும் முன்பக்கத்தையும் அதில் பேனாவால் குறித்துவையுங்கள். ஓரிரவு கழித்து எத்தனை சொட்டு, எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்பதைத் தாளே சொல்லிவிடும்.

தாளில் விழுந்தது சிறிது நேரத்தில் ஆவியாகி, ஓரத்தில் மெல்லிய எண்ணெய் வளையத்தை மட்டும் விட்டுச் சென்றால் அது எண்ணெய் கலந்த பெட்ரோல். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்க்குப் பல நிறுவனங்கள் நீலமோ பச்சையோ சாயம் சேர்ப்பதால் அந்த வளையம் நிறத்தோடும் இருக்கலாம். ஆவியாகாமல் பரவி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ தாளை ஊடுருவி நின்றால் அது கியர் ஆயில். காய்ந்தபின் வெள்ளைத் துகள் படிந்திருந்தால் கடல்நீர். சிவப்பாக இருந்தால், எஞ்சினை மின்விசையால் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பின் எண்ணெயாக இருக்கக்கூடும். அந்த அமைப்பே இல்லாத சிறு எஞ்சின் என்றால் இந்தக் கவலை இல்லை.

எண்ணெய் எதுவென்று தெரிந்தபின், அது புறப்படும் இடத்தைக் காண முகத்துக்குப் பூசும் பவுடர் போதும். சந்தேகப்படும் இணைப்பைச் சுற்றிப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். நிற்கும்போது கசிவதா என்று பார்க்க ஓரிரவு விட்டுப் பாருங்கள். ஓடும்போது மட்டும் கசிவதா என்று பார்க்க, கீழ்ப்பகுதி நீரில் மூழ்கியிருக்கும்படி டிரம்மில் நன்னீர் நிரப்பி, கியர் போடாமல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கசிவு தொடங்குகிற இடத்தில் பவுடர் நனைந்து ஒரு கோடு கீழ்நோக்கி இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்நுனியே நாம் தேடுகிற இடம். நீரில்லாமல் எஞ்சினைச் சில நொடிகள்கூட ஓட்டக் கூடாது. பம்பின் ரப்பர் விசிறி அதற்குள்ளேயே கருகத் தொடங்கிவிடும்.

கியர் ஆயில்: எண்ணெய் வெளியேறுகிற வழியில் கடல் உள்ளே வரும்

எல்லா ஒழுகல்களிலும் இதைத்தான் மிகுந்த அக்கறையோடு பார்க்க வேண்டும். 9.9, 15 குதிரைத்திறன் எஞ்சின்களின் கியர் பெட்டியில் ஏறத்தாழ கால் லிட்டர் எண்ணெய்தான் இருக்கிறது. அதில் ஐம்பது மில்லி போனாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆனால் எண்ணெய் குறைவதைவிடப் பெரிய கேடு வேறொன்று. ஓடும்போது கியர் பெட்டி சூடேறி, உள்ளேயிருக்கும் எண்ணெயும் காற்றும் விரிந்து வெளியே தள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் சுற்றியுள்ள கடல்நீர் அதைக் குளிர்வித்துவிடுவதால் உள்ளே அழுத்தம் குறைந்து, அதே ஓட்டை வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயோடு நீர் கலந்து பால்போல வெளுத்துவிட்டால் பல்சக்கரங்களுக்கு இடையே எண்ணெய்ப் படலம் நிற்காது. பேரிங்குகளில் துரு ஏறும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அதன்பின் கியர் செட்டையே மாற்றும் வேலையாகிவிடும்.

ஆகவே முதல் சோதனை எண்ணெயின் நிறம். எஞ்சினை ஓரிரவு நேராக நிறுத்திவைத்து, காலையில் ஓட்டாமலேயே கியர் பெட்டியின் கீழ்த்திருகை, அதாவது எண்ணெய் வடிக்கும் திருகை, மெல்லத் தளர்த்துங்கள். நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் கலக்காமல் நிற்கும் நீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். பிறகு மேல்திருகையும் கழற்றி முழு எண்ணெயையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். தெளிவாகவோ சற்றுக் கறுத்தோ இருந்தால் நீர் புகவில்லை. பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்து எண்ணெயோடு கடையப்பட்டுவிட்டது. திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல்நிறப் பசைபோல ஒட்டியிருக்கும் மிக நுண்ணிய இரும்புத்தூள் இயல்பான தேய்மானமே. நகத்தில் நெருடுகிற துண்டுகள் இருந்தால் கியர் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். ஜான்சன், எவின்ரூட் போன்ற பழைய எஞ்சின்கள் சிலவற்றில், எண்ணெய் வடிக்கும் திருகுக்கு அருகே நட்சத்திரத் தலையோடு இன்னொரு திருகு இருக்கும். அது கியர் மாற்றும் நெம்புகோலைத் தாங்குவது. அதைத் தவறிக் கழற்றினால் உள்ளே நெம்புகோல் விழுந்துவிடும், பிறகு கியர் பெட்டியைப் பிரிக்காமல் சரிசெய்ய இயலாது.

கியர் பெட்டியில் எண்ணெய் வெளியேறக்கூடிய இடங்களை எளியதிலிருந்து கடினமானதை நோக்கிப் பார்க்க வேண்டும். மிக எளியதும் மிக அடிக்கடி பழுதாவதும் இரண்டு திருகுகளின் வாஷர்கள்தாம். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. ஆனாலும் பழைய வாஷரையே திருப்பிப் போட்டு, கசிகிறதே என்று திருகை மேலும் மேலும் இறுக்குகிறோம். எஞ்சினின் உடல் அலுமினியம், திருகு எஃகு. முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை அழிவது அலுமினியத்தில்தான். ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போடுங்கள். ஒரு படகுக்கு வருடத்துக்குத் தேவையான வாஷர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட ஆகாது.

அடுத்தது புரொப்பல்லர் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல்கள். இவற்றை அறுப்பது பெரும்பாலும் நம்முடைய தங்கூசி நரம்புதான். வலையிலிருந்தோ தூண்டிலிலிருந்தோ அறுந்து மிதக்கும் நரம்பு சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டு, வெப்பத்தில் இறுகி, கத்தியைப்போல சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. புரொப்பல்லரையும் அதன் பின்னாலுள்ள பித்தளை வாஷரையும் கழற்றினால்தான் தண்டில் சுருண்டிருக்கும் நரம்பு தென்படும். ஆகவே ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்து, தண்டுக்குக் கிரீஸ் பூசி மாட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள்.

சீலை மாற்றும்போது பழைய சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் இரண்டு சீல்களும் ஒரே பக்கம் பார்க்கும், சிலவற்றில் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் பார்க்கும். சீல் உட்காரும் குழியில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, தண்டின் கூரிய பள்ளங்களில் உதடு கிழியாதிருக்க அந்தப் பகுதியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நழுவவிடுங்கள். சீலைத் தாங்கும் பேரிங் வீட்டின் ஓ-ரிங்கையும் அதே வேலையில் மாற்றிவிடுவது நல்லது.

ஒரு 15 குதிரைத்திறன் எஞ்சினில் நான்கு மாதத்துக்குள் மூன்று முறை சீல் மாற்றியும் எண்ணெய் வெளுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். சீலின் தரத்தைத்தான் எல்லோரும் குறைகூறினார்கள். தண்டை நன்றாகத் துடைத்துவிட்டு நகத்தை அதன்மீது நீளவாட்டில் ஓட்டியபோது, சீலின் உதடு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய பள்ளம் வளையமாக ஓடியிருந்தது புலப்பட்டது. மணலும் உப்பும் உதட்டுக்கு அடியில் மாட்டி, ஆண்டுக்கணக்கில் எஃகையே அரைத்திருந்தன. அப்படிப்பட்ட தண்டில் எத்தனை புதிய சீல் போட்டாலும் நிற்காது. குழியில் இடமிருந்தால் சீலைச் சற்று ஆழம் மாற்றி உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். இல்லையென்றால் தண்டையே மாற்ற வேண்டும். சீலை மாற்றுகிற ஒவ்வொருவரும் அந்த நகச் சோதனையை ஒருமுறை செய்தே தீர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. எஞ்சினிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டுக்கான சீல் தண்ணீர்ப் பம்புக்கு அடியில் இருக்கிறது. கியர் மாற்றும் கம்பிக்கும் அங்கேயே ஒரு சீல் உண்டு. இவை போனால் எண்ணெய் வெளியே சொட்டுவதைவிட நீர் உள்ளே போவதே மிகுதி, ஏனென்றால் அந்த இடம் எப்போதும் நீரில் இருக்கிறது. வெளியே ஒழுகலே இல்லாமல் எண்ணெய் மட்டும் வெளுத்தால் இந்த இடங்களைச் சந்தேகியுங்கள். பம்பின் ரப்பர் விசிறியை மாற்றுவதற்காகக் கீழ்ப்பகுதியைக் கழற்றும் நாளில் இந்தச் சீல்களையும் சேர்த்து மாற்றிவிட்டால் ஒரே கூலியில் முடியும்.

எந்தச் சீல் என்று உறுதிசெய்ய அழுத்தச் சோதனையை விஞ்சியது இல்லை. எண்ணெயை முழுவதும் வடித்துக் கீழ்த்திருகை மூடிவிட்டு, மேல்துளையில் அழுத்தமானி பொருத்திய கைப்பம்பை இணைத்து, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் காற்றடிக்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு அது 10 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். பிறகு கியர் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, தண்டுகளை மெல்லச் சுழற்றியும் கியர் கம்பியை முன்னும் பின்னும் அசைத்தும் குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுழற்றாமல் பார்த்தால் பாதி ஒழுகல்கள் மறைந்தே இருக்கும். அழுத்தமானி இல்லாத சைக்கிள் பம்பால் கண்மூடித்தனமாக அடிக்காதீர்கள். அளவு மீறினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

எண்ணெய் நிரப்புவதிலும் ஒரு முறை உண்டு. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிறைப்பட்டு, நிறைந்ததுபோல் தோன்றிப் பாதியில் நின்றுவிடும். எஞ்சினை நேராக நிறுத்தி, கீழ்த்துளை வழியாக டியூபாலோ பம்பாலோ அழுத்தி, மேல்துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்வரை நிரப்புங்கள். முதலில் மேல்திருகைப் புதிய வாஷரோடு மூட வேண்டும். அதன்பிறகே டியூபை எடுத்துவிட்டு விரைவாகக் கீழ்த்திருகை மூட வேண்டும். கையேடு குறிப்பிடும் கியர் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். இவ்வகை எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் எஸ்.ஏ.இ. 90 ஹைபாய்டு வகையே சொல்லப்பட்டிருக்கும்.

எரிபொருள்

கியர் ஆயில் ஒழுகினால் எஞ்சின் போகும். பெட்ரோல் ஒழுகினால் ஆளுக்கே ஆபத்து. அதனால் இதில் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கே இடமில்லை.

சோதனையை டேங்கிலிருந்து தொடங்கி எஞ்சினை நோக்கிச் செல்லுங்கள். எரிபொருள் குழாயின் நடுவிலுள்ள, கையால் அழுத்தும் ரப்பர் பல்பை அதன் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, கெட்டியாகும்வரை அழுத்தி, மேல்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் காத்திருங்கள். பல்பு கெட்டியாகவே நின்று எங்கும் ஈரம் தெரியாவிட்டால் பல்பிலிருந்து எஞ்சின் வரையிலான பாதை நன்றாக இருக்கிறது. மெல்லத் தளர்ந்தால், எஞ்சின் பக்கத்துக் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு மீண்டும் அழுத்துங்கள். இப்போது கெட்டியாக நின்றால் கசிவு எஞ்சினுக்குள், இப்போதும் தளர்ந்தால் பல்பிலோ அதன் வால்விலோதான் குறை. எத்தனை அழுத்தினாலும் கெட்டியாகவே ஆகாவிட்டால், டேங்குக்கும் பல்புக்கும் இடையே காற்று புகுகிறது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டையில் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஒழுகலே தெரியாமல் நடுக்கடலில் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்பதற்கு அடிக்கடி இதுவே காரணம். இணைப்பான்களுக்குள் இருக்கும் சிறிய ஓ-ரிங்குகள்தாம் முதலில் வெடிப்பவை.

குழாய்களைப் பொறுத்தவரை, கடையில் மலிவாகக் கிடைக்கும் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை இந்த வேலைக்குப் பயன்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெயிலில் அது சில மாதங்களில் விறைத்து, இணைப்பில் தளர்ந்துவிடும். எரிபொருளுக்கென்றே செய்த ரப்பர் குழாயையும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பையுமே போடுங்கள். பெட்ரோலின் தன்மையும் மாறியிருக்கிறது. இந்தியாவில் 2022-இல் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரி முதல் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து பரவிவிட்டது. அவுட்போர்டு கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதத்தையே வரம்பாகச் சொல்கின்றன. பழைய ரப்பர் பாகங்கள் எத்தனாலால் ஊதியோ விறைத்தோ போகும் என்பதால், பத்தாண்டுப் பழமையான எஞ்சினில் ஒரு குழாய் வெடித்திருந்தால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். எத்தனால் நீரை ஈர்த்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியே பிரிந்து நிற்கக்கூடும். அந்த அடுக்கில் எண்ணெய் இராது என்பதால் பழைய கலவையைத் தேக்கி வைக்காதீர்கள்.

கார்புரேட்டரின் வாயிலிருந்து பெட்ரோல் வழிந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசி பெரும்பாலும் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். மணலோ குழாயிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்கோ ஊசிக்கடியில் மாட்டியிருக்கும்; கிண்ணத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டு மெல்லத் தட்டினால் கரைக்கு வந்து சேரும் அளவுக்கு நிற்கக்கூடும். கரைக்கு வந்தபின் கிண்ணத்தைக் கழற்றி, ஊசியின் நுனியில் வளையத் தழும்பு இருக்கிறதா, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து கனக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம்செய்தால் அதே அழுக்கு மறுபடி வந்து சேரும்.

ஓடும்போது ஒழுகாமல், வெயிலில் நிறுத்தி வைக்கும்போது மட்டும் பெட்ரோல் வழிகிற எஞ்சின்கள் உண்டு. உச்சிவெயிலில் டேங்கு சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால், அது குழாய் வழியாகப் பெட்ரோலைத் தள்ளி, நல்ல நிலையிலுள்ள ஊசியையும் மீறி வழியச் செய்யும். இதற்குப் பாகம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தியதும் குழாயின் இணைப்பானைக் கழற்றிவிட்டு, டேங்கை நிழலில் வைத்தால் போதும். மீண்டும் ஓட்டுமுன் டேங்கு மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறவாதீர்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் குழாயடைப்பையும் பார்க்க வேண்டும். எந்நேரமும் திருப்பப்படுவதால் அதன் உள்ரப்பர் விரைவில் தேய்கிறது.

மேல்மூடிக்குள் உப்புநீர்

மேல்மூடியைத் திறந்ததும் வெள்ளைக் கோடு படிந்திருந்தால் அது உப்புநீர் கசிந்து காய்ந்த தடம். சிறு குழாய் கழன்றிருந்தாலோ வெடித்திருந்தாலோ எளிதில் சரிசெய்யலாம். சிலிண்டர் தலையின் இணைப்பிலோ புகைவழி மூடியின் இணைப்பிலோ கோடு தொடங்கினால், இணைப்புக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் போயிருக்கிறது. கசியும் கேஸ்கெட்டைப் போல்ட்டை இறுக்கி நிறுத்த முயல வேண்டாம். உப்பேறிய போல்ட் முறிந்தால் வேலை இருமடங்காகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நீர்த்துளியோ மற்ற சிலிண்டரில் இல்லாத வெண்மையோ இருக்கிறதா என்று பாருங்கள். நீர் உள்ளேயும் போகிறதென்றால் அதன்பின் அந்த எஞ்சினை ஓட்டக் கூடாது. எஞ்சினைத் தோளில் தூக்கி வரும்போது தலைப்பகுதி கீழ்ப்பகுதியைவிடத் தாழ்ந்துவிட்டாலும், புகைவழியில் தேங்கிய கடல்நீர் சிலிண்டருக்குள் போய்விடும்; கேஸ்கெட்டைச் சந்தேகிக்குமுன் இதையும் நினைத்துப்பாருங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள்

இவற்றில் எஞ்சின் ஆயில் தனியே இருக்கிறது. ஃபில்டரின் அடி, வடிதிருகின் வாஷர், வால்வு மூடியின் கேஸ்கெட் ஆகிய மூன்றிடங்களில்தான் பெரும்பாலும் கசிகிறது. எஞ்சினைத் தரையில் படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று கையேட்டிலும் பெரும்பாலும் எஞ்சினிலும் குறித்திருக்கும். தவறான பக்கம் படுத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள்ளோ காற்று புகும் வழிக்குள்ளோ போய்விடும். அளவுக்கோலில் எண்ணெய் குறையாமல், மாறாக ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம். அதை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்தோ, நெடுநேரம் மெதுவாக ஓட்டியதாலோ பெட்ரோல் எண்ணெயில் கலந்திருக்கிறது. எண்ணெயை மாற்றிக் காரணத்தைச் சரிசெய்யாமல் ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்.

மின்விசைத் தூக்கி உள்ள பெரிய எஞ்சின்களில் தண்டுகளில் உப்புக் குழிகள் விழுந்து சீலை அரைப்பதே வழக்கமான குறை. தூக்கி வைத்த எஞ்சின் இரவில் தானே இறங்கிவிட்டால் வெளியே ஒழுகல் இருந்தாக வேண்டுமென்பதில்லை. கையால் இறக்கும் திருகு சரியாக மூடியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சரிசெய்தபின்

சீலையோ கேஸ்கெட்டையோ மாற்றியபின் முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கீழ்த்திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு எண்ணெயை வெள்ளைத் தாளில் விழவிட்டுப் பாருங்கள். வெளுத்திருந்தால் வேலை முடியவில்லை. அதன்பின் 100 மணிக்கு ஒருமுறை கியர் ஆயிலை மாற்ற வேண்டும் என்கின்றன பெரும்பாலான கையேடுகள். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு அது ஓராண்டாக இருக்கலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் தொழில் செய்கிற படகுக்கு அது பதினேழு நாள். மாற்றிய தேதியைப் பெயிண்டால் மேல்மூடியின் உட்புறத்தில் எழுதிவைப்பவர்களின் எஞ்சின்கள் நீண்ட காலம் உழைப்பதைக் கண்டிருக்கிறேன்.

வடித்த எண்ணெயை மணலில் புதைப்பதோ கடலில் கொட்டுவதோ வேண்டாம். நாம் வலை வீசுகிற அதே கரையோர நீரில்தான் அது போய்ச் சேருகிறது. ஒரு பழைய கேனில் சேர்த்து மூடிவைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கேனில் பெட்ரோலை மட்டும் கலந்துவிடாதீர்கள்.